கன்ட்ரோல் ஓட்டியதில் உபவாச ஜெபத்துக்குப் போக முடியவில்லை. இதுவும் ஊழியம்தானா?

லேப்_மார்த்தாண்டம் | ஞாயிறு, இரவு 9.50

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சின்ன தனியார் லேபில் டெக்னீஷியன். டி.எம்.எல்.டி. என்கிற லேப் டிப்ளோமா முடித்து ஏழு வருஷம் ஆகிறது. லேபில் ஓனரையும் சேர்த்து நாலு பேர்தான்: நான், ரத்தம் எடுக்கிற தம்பி, பில் போடுகிற அக்கா. ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை சபையில் உபவாச ஜெபம், காலை பத்து மணிக்கு. பாடல் நடத்த வேண்டியவள் நான். ஒரு வாரம் முன்பே ஓனரிடம் பர்மிஷன் வாங்கி வைத்திருந்தேன். ஏழு மணிக்கு லேபைத் திறந்து, வழக்கம்போல முதலில் கன்ட்ரோல் ஓட்டினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கன்ட்ரோல் என்பது அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு சீரம். மெஷின் அதற்குச் சரியான எண்ணைக் காட்டினால்தான் நோயாளியின் ரத்தத்துக்குக் காட்டுகிற எண்ணையும் நம்பலாம். அன்று சுகர் கன்ட்ரோல் வரம்பைத் தாண்டி மேலே நின்றது. திரும்ப ஓட்டினேன், அதே கதைதான். புதுக் குப்பியைத் திறந்து, ஐந்து மில்லி டிஸ்டில்டு வாட்டரைப் பிப்பெட்டில் அளந்து விட்டு, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றி, அரை மணி நேரம் வைத்திருந்து ஓட்டினேன். அப்போதும் மேலேதான். கடைசியில் ரீஏஜென்ட், அதாவது ரத்தத்தோடு சேர்க்கிற ரசாயனக் கரைசல், அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் லேசாக ரோஸ் நிறம்; கெட்டுப்போயிருந்தது. முந்தின நாள் இரவு யாரோ ஃபிரிட்ஜில் வைக்க மறந்திருக்கிறார்கள். புது பாட்டில் திறந்து, மெஷினின் அளவைச் சரிசெய்கிற காலிப்ரேஷன் செய்து, கன்ட்ரோல் வரம்புக்குள் வந்தபோது மணி பதினொன்றே கால். வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்களின் சாம்பிள் இருபத்துமூன்று வரிசையில் இருந்தது. நான் சபைக்குப் போகவில்லை.

இன்று ஆராதனை முடிந்ததும் வாலிபர் சங்க அண்ணன் ஒருவர் கேட்டார்: “உலக வேலைக்காகக் கர்த்தருடைய வேலைய விட்டுட்டியேம்மா?” கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் வராததற்கு வேறு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், டிசம்பரில், நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். கேரல் பாட்டுப் பயிற்சி மாலை ஏழு மணிக்கு. ஆறரைக்கு ஓர் அம்மாவின் சாம்பிள், பொட்டாசியம் 7.8 என்று வந்தது. அந்த அளவுக்குப் போனால் இதயமே நின்றுவிடலாம். அந்த அம்மாவோ தன் காலால் நடந்து வந்து, பில் போடுகிற அக்காவோடு சிரித்துப் பேசிவிட்டுப் போனவர். ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருந்தால் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை, ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் சாய்த்தேன் என்று அவனும் சொல்லியிருப்பான். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் மருந்திலேயே பொட்டாசியம் இருக்கிறது. அது கொஞ்சம் கலந்தாலும் கணக்கு ஏறிவிடும். அதே சாம்பிளில் கால்சியம் பார்த்திருந்தால் தரைமட்டத்துக்கு இறங்கியிருக்கும், உடனே பிடிபட்டிருக்கும். எல்லாம் முதல் வருஷம் படித்ததுதான். ஆனால் மணி ஆறு ஐம்பது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பயிற்சிக்கு ஓடினேன்.

அந்த இரவே மகன் அம்மாவைக் காரில் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே பார்த்ததில் 4.2, சாதாரண அளவுதான். மறுநாள் அவர் லேபுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. “ஏன் இப்படி வந்துச்சு?” என்று மட்டும் கேட்டார். நான் மெஷின்மேல் பழியைப் போட்டேன்.

அன்றிலிருந்து சந்தேகமான எண் எதையும் நான் விடுவதில்லை. ஓனருக்கு அது பிடிக்கவில்லை. “கன்ட்ரோலுக்கே பாதி கிட் போகுது” என்கிறார். சபையில் கேட்டால் ஜெபம், பாட்டு, ஞாயிறு பள்ளி, இவைதான் ஊழியம். வேலை என்பது சம்பளத்துக்கு. எங்கள் அப்பாவுக்குப் பதினாறு வருஷமாகச் சுகர், இரண்டு பாதத்திலும் உணர்ச்சி பாதிக்கு மேல் போய்விட்டது. ரிப்போர்ட்டில் 240 என்று நான் எழுதினால் டாக்டர் அதை நம்பித்தான் மாத்திரையைக் கூட்டுவார். அந்த 240 உண்மைதானா என்று பார்த்துச் சொல்ல அந்த இடத்தில் என்னைத் தவிர யாருமில்லை. இதைக் கர்த்தருக்குச் செய்கிற வேலை என்று நான் நினைப்பது, ஜெபத்துக்குப் போகாததற்கு நானே தேடிக்கொள்கிற சாக்கா? அப்புறம், எதுவரை பார்த்தால் போதும்? ஒரு கட்டத்தில் நிறுத்தத்தானே வேண்டும்?


நெய்யூர்க்காரன் | திங்கள், காலை 6.15

சகோதரி, நானும் உங்கள் ஏரியாதான். சுருக்கமாகச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். ‘தேவஆவியினால் நிரப்பினேன்’ என்று கர்த்தர் அங்கே சொல்வது பெசலெயேலைப் பற்றி. அவன் ஆசாரியனும் இல்லை, தீர்க்கதரிசியும் இல்லை. பொன், வெள்ளி, வெண்கல வேலை செய்கிறவன், கல் வெட்டுகிறவன், மரத்தில் சித்திரம் செதுக்குகிறவன். ஆவியானவர் ஒருவனை நிரப்பி அவன் கையில் உளியைக் கொடுத்திருக்கிறார். பிரசங்கி 9:10-ம் உங்களுக்குத்தான்: ‘செய்யும்படி உன் கைக்கு நேரிடுவது எதுவோ, அதை உன் பெலத்தோடே செய்.’ உங்கள் கைக்கு நேரிட்டது பிப்பெட்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் சாமர்வெல் வந்த விதம் இங்கே பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1922-இல் எவரெஸ்ட் ஏற வந்த குழுவில் இருந்தவர். அது முடிந்து ஊர் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூருக்கு வந்தார். காத்திருந்த நோயாளிக் கூட்டத்தையும் அவர்களைப் பார்க்க ஆள் போதாததையும் கண்டவர், லண்டனில் கிடைக்கவிருந்த பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். இரைப்பைப் புண் ஆபரேஷனில் அவர் கை தேர்ந்த கை. நல்ல விசுவாசி, நல்ல சர்ஜன் என்று இரண்டாகப் பிரித்து இங்கே யாரும் அவரைப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று. சபை கூடிவருகிறதை விட்டுவிட வேண்டாம் என்றும் எபிரெயரில் இருக்கிறது. ஒரு வெள்ளி போகாதது குற்றமில்லை. எல்லா வெள்ளியும் கன்ட்ரோல் வரம்பு தாண்டுகிறது என்றால் அது வேறு பிரச்சினை.


நைட்_டியூட்டி_சென்னை | திங்கள், பிற்பகல் 3.20

தங்கச்சி, நான் பதினொரு வருஷமாக ஐ.சி.யூ.வில் நர்ஸ். உன் பொட்டாசியம் கதையைப் படித்ததும் கையெல்லாம் சில்லிட்டுப் போனது. 7.8 என்று பேப்பர் வந்தால் வார்டில் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? ஈ.சி.ஜி. எடுப்போம், கால்சியம் குளூக்கோனேட் போடுவோம், இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் ஏற்றுவோம். உண்மையில் 4.2 இருக்கிற ஒருவருக்கு அதைச் செய்தால் பொட்டாசியம் தேவையில்லாமல் கீழே போகும், சுகரும் விழலாம். அந்த அம்மாவுக்கு அங்கே திரும்பவும் ரத்தம் எடுத்துப் பார்த்தவர் யாரோ, அவருக்காக நான் நன்றி சொன்னேன். ஆகவே உன் கேள்விக்கு என் பதில், ஆமாம். அது ஊழியம்தான். சந்தேகமே வேண்டாம்.

ஆனால் இந்த விஷயத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை யாரும் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் டியூட்டி ரூம் சுவரில் கொலோசெயர் வசனம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது: ‘எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்.’ அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் எங்களை டபுள் டியூட்டி பார்க்கச் சொல்வார்கள். ஓவர்டைம் கேட்டால் அந்த வசனத்தைக் காட்டுவார்கள். நானும் நம்பிப் பார்த்தேன். பதினாலாவது மணி நேரத்தில் ஒரு நாள், பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை வேறு மருந்து என்று நினைத்துக் கையில் எடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி பிளாஸ்டிக். உடைக்கிறதுக்கு முன்னால் கூட நின்ற ஜூனியர் சத்தமாகப் பேர் படித்தாள். அதனால்தான் தப்பித்தது. அன்று நான் மனப்பூர்வமாகத்தான் வேலை செய்தேன். ஆனால் என் கண் வேலை செய்யவில்லை.

அந்த வசனம் அடிமைகளாக இருந்தவர்களுக்கு எழுதியது. எஜமானுடைய கண்ணுக்கு முன்னால் பயந்து வாழ்ந்தவர்களிடம், உங்கள் கைவேலையைப் பார்க்கிறவர் வேறொருவர் இருக்கிறார் என்று பவுல் சொன்னது. அடுத்த அதிகாரத்தின் முதல் வரியிலேயே எஜமான்கள் பக்கம் திரும்பி, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்கிறார். அதையும் சேர்த்துக் கண்ணாடி போட்ட இடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதனால், எதுவரை என்று கேட்டாயே, தூங்கு. லீவு எடு. உன் ஓனர் கிட் செலவைச் சொன்னால் வாயால் சண்டை போடாதே, எழுதி வை. ஒரு நோட்டுப் போட்டு எந்தச் சாம்பிளை ஏன் திருப்பினாய், திரும்ப எடுத்ததில் என்ன வந்தது என்று தேதியோடு எழுது. எங்கள் லேபில் ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டர் என்று அதற்குப் பேர். மூணு மாதம் கழித்து அவரிடம் அதைத் திறந்து வை.

மெஷின்மேல் பழி போட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கே தெரியும்.


செருப்புப்_பட்டறை | புதன், இரவு 8.05

மகளே, ஸ்தோத்திரம். எனக்கு டைப் செய்வது மெதுவாகத்தான் வரும். பேத்தி போனில் இதைக் காட்டினாள். இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன்.

நான் செருப்புத் தைக்கிறவன். வேலூர்ப் பக்கம் ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரியின் செருப்புப் பட்டறையில் 1979-இல் சேர்ந்து முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். என் அப்பாவும் தாத்தாவும் அதே தொழில். அப்பாவுக்கு நான் டீச்சர் டிரெய்னிங் படிக்க வேண்டும் என்று ஆசை. படிக்க முடியவில்லை. இவன் எங்கே போனாலும் செருப்புதான் என்று ஊரில் சொன்னார்கள். சபையிலும் சிலர் சொன்னார்கள், அது அதிகமாக வலித்தது. பவுல் கூடாரம் தைத்தவர், வில்லியம் கேரி வங்காளத்துக்கு வரும் முன்னால் செருப்புத் தைத்தவர் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் நான் தலை நிமிர்ந்து உட்கார்வேன்.

பட்டறையில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அதிகம் பேச மாட்டார். நான் செய்த முதல் ஜோடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டு, விரல் நுனியால் ஒவ்வோர் இடமாகத் தடவினார். குதிகால் பக்கம் விரல் நின்றது. ஒட்டுகிற சொல்யூஷன் ஒரு அரிசி அளவுக்குத் திரண்டு காய்ந்திருந்தது. கத்தியை எடுத்து அடியைப் பிரித்துப் போட்டுவிட்டார். “நல்ல காலா இருந்தா போட்டவன் ரெண்டடி நடந்துட்டுத் திரும்பி வந்து உன்னைத் திட்டுவான். இந்தக் காலுக்குத் தெரியாது. திட்ட முடியாதவனுக்குச் செய்யிறோம்டா” என்றார். நான் பைபிள் கல்லூரியில் படித்தவன் இல்லை. எனக்குக் கிடைத்த படிப்பு அதுதான்.

டாக்டர் பால் பிராண்ட் பேரை நீ கேள்விப்பட்டிருப்பாய். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த மிஷனரி பிள்ளை. டாக்டருக்குப் படிக்கும் முன்னால் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தவர்களுக்கு விரலும் பாதமும் தானாக அழுகி விழுகிறது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போனதால் காயம்பட்டுப் பட்டே தேய்கிறது என்று எடுத்துக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். உனக்கும் எனக்கும் ஒரு இடத்தில் அழுத்தினால் நமக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொள்வோம். வலி தெரியாதவர் அதே இடத்தில் ஆயிரம் முறை மிதிப்பார். அதைத் தடுக்க மரக்கட்டைச் செருப்பு, பிளாஸ்டிக் செருப்பு என்று என்னென்னவோ செய்து பார்த்துத்தான் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பருக்கு வந்தார்கள். இரண்டு விரலால் நசுக்கினால் பாதிக் கனத்துக்கு இறங்க வேண்டும், விட்டதும் எழும்ப வேண்டும். அதற்கு அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. தேய்ந்த பிறகு ஆணி மேலே வந்தால் அவருக்குத் தெரியாது, ரத்தம் வந்த பிறகுதான் பார்ப்பார். பின்பக்கம் கட்டாயம் வார் வேண்டும். கை விரல் மடங்கிப்போனவர்களுக்குப் பக்கிள் போட வராது, வெல்க்ரோதான். நான் சேரும் முன்பே அந்த டாக்டர் அமெரிக்கா போய்விட்டார். ஆனால் பட்டறையில் அவர் வேலை இருந்தது.

இப்போது என் டிசம்பரைச் சொல்கிறேன். எனக்கு அது பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருஷம். மத்தியானத்தோடு லீவு. திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு ஜோடி முடிக்க வேண்டும். மேல்வாரின் உள் ஓரத்தைச் சீவி மழுக்க வேண்டும், கால் மணி நேர வேலை. நான் சீவவில்லை. சர்ச்சில் அலங்காரம் செய்யப் போக வேண்டும் என்று அவசரம். அந்த அம்மா போட்டுப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குதுப்பா, வலிக்கவே இல்ல” என்று சொல்லி என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார்.

இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். சுண்டு விரல் ஓரத்தில், வார் உராய்ந்த அதே கோட்டில் புண், எலும்பு வரைக்கும் போயிருந்தது. மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் வார்டில் இருந்தார். விரல் தங்கவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், நல்ல செருப்புக் கொடுத்தாய், நான்தான் அதிகமாக நடந்துவிட்டேன் என்பார். ஒரு நாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பில் தப்பு, அது என் தப்பு என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், அடுத்த ஜோடியையும் நீயே செய் என்றார்.

மகளே, உன் வேலையும் என் வேலையும் ஒரே ஜாதி வேலை. உன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அது சரியா தப்பா என்று தெரியாது. சமையல் கெட்டால் சாப்பிடுகிறவன் சொல்லிவிடுவான். சட்டை பிடித்தால் போடுகிறவன் சொல்லிவிடுவான். நம்மிடம் வருகிறவர்களுக்குச் சொல்லத் தெரியாது, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்த இடத்தில் கர்த்தர் பார்க்கிறார் என்று நம்புகிறவனும் நம்பாதவனும் செய்கிற வேலையில் வித்தியாசம் இருக்க வேண்டும். அது இல்லை என்றால் என் விசுவாசம் எங்கே இருக்கிறது என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் கண்ணை மூடித் தடவாமல் ஒரு ஜோடியும் வெளியே போனதில்லை. தடவுகிறபோது போடப்போகிறவர் பேரைச் சொல்லி ஒரு வரி ஜெபமும் செய்வேன். அது ஜெபமா வேலையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது.

எதுவரை என்று கேட்டாய். அதற்கும் மேஸ்திரியே பதில் சொன்னார். அந்தப் புண்ணுக்குப் பிறகு நான் பயந்து, ஒரு ஜோடியை நாலு நாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாரில் பூ வேலைகூடப் போட்டேன். அவர் வந்து பார்த்து, “அந்த ஆள் நாலு நாளா வெறுங்கால்ல வார்டுல நடக்கிறான்” என்றார். அவ்வளவுதான். கை வைத்தால் உறுத்தக் கூடாது, நாளைக்கு அவன் காலில் இருக்க வேண்டும். அதற்கு மேல் செய்வது நம் பேருக்காக. உனக்கும் அப்படி ஒரு கோடு இருக்கும். அது உன் தொழிலில் உனக்குத்தான் தெரியும்.

வாலிபர் சங்கத் தம்பியைக் கோபித்துக்கொள்ளாதே. ஜெபக் கூட்டத்தை விடாதே. நான் விட்டதில்லை.

உன் அப்பா என்ன செருப்புப் போடுகிறார்?


லேப்_மார்த்தாண்டம் | வெள்ளி, இரவு 10.30

ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ‘வலிக்கவே இல்ல’ என்ற இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடர முடிந்தது.

அக்கா, நோட்டுப் போட்டுவிட்டேன். முதல் பதிவே நேற்றுக் காலை. ஒன்பது வயதுப் பையன், நாலு நாள் காய்ச்சல். மெஷின் பிளேட்லெட் 41,000 என்று காட்டியது. பையனின் அப்பா வெளியே நின்று அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கார் பேசிக்கொண்டிருந்தார். குழாயைத் திறந்து மரக்குச்சியை விட்டுச் சுழற்றினேன். குச்சி நுனியில் நூல் மாதிரி ஒரு சின்ன உறைவு சுற்றிக்கொண்டு வந்தது. ஸ்லைடு போட்டு லீஷ்மன் சாயம் ஏற்றிப் பார்த்தால், ஸ்மியரின், அதாவது ஸ்லைடில் தேய்த்த ரத்தப் படலத்தின், வால் பக்கம் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. மெஷின் ஒவ்வொன்றாக எண்ண முடியாமல் விட்டவை. ரத்தம் எடுத்ததும் குழாயை மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்தியிருக்க வேண்டும், தம்பி அவசரத்தில் விட்டுவிட்டான். திரும்ப எடுக்க வேண்டும் என்றதும் பையன் அழுதான், அவன் அம்மா என்னை முறைத்தார். அந்த முறை குழாயை நானே கவிழ்த்தேன். 1,68,000. ஸ்மியரிலும் பத்து இடம் பார்த்து எண்ணினேன், ஒத்து வந்தது. அதோடு நிறுத்தினேன் ஐயா. முன்பு மாதிரி மூன்றாவது முறை ஓட்டவில்லை.

ஓனர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “குழாய்க் காசு யார் தருவா?” என்றார். நோட்டைத் தூக்கிப் போடவில்லை, மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். தம்பிக்கு இப்போது குழாய் கவிழ்க்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

நெய்யூர் அண்ணன் சொன்னதும் சரி. இனி ஜெபத்துக்கு முந்தின நாள் இரவே ரீஏஜென்ட்டை நான் கையால் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். இன்று காலை பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்பே சபையில் இருந்தேன். வாலிபர் சங்க அண்ணனிடம் போன வாரம் நடந்ததை முழுதாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “எங்க அம்மாவுக்கும் உங்க லேப்லதானே பாக்கிறோம்” என்றார். அப்புறம் வேறு எதுவும் பேசவில்லை.

பொட்டாசியம் வந்த அந்த அம்மாவின் மகனுடைய நம்பர் பழைய பில் புத்தகத்தில் இருக்கிறது. எடுத்து போனில் பதிந்து வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை. நாளை மத்தியானம் கூப்பிடுவேன்.

அப்பா போடுவது சாதாரண ஹவாய் செருப்புதான் ஐயா.


செருப்புப்_பட்டறை | சனி, காலை 5.40

ஹவாய் செருப்பு வேண்டாம் மகளே. விரலால் கவ்விப் பிடித்தால்தான் அது காலில் நிற்கும். உணர்ச்சி இல்லாத விரல் கவ்வாது. பாதி வழியில் கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. இன்றைக்கே பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார், விரல் இடுக்கும் பார். புண்ணோ தடிப்போ இருந்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் செருப்பு.

நான் வீட்டில் இன்னும் சில பேருக்குச் செய்கிறேன். உங்கள் ஊரிலேயே செய்கிறவர்கள் இருந்தால் அவர்களிடம் செய்வதுதான் நல்லது, போட்டுப் பார்த்துத் திருத்தலாம். யாரிடம் கொடுத்தாலும் அளவு சரியாக எடுத்துக் கொடு. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அப்பாவை அதன்மேல் நிற்க வை. உட்கார வைத்து எடுக்காதே, பாரம் இறங்கினால்தான் பாதம் விரியும். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்துச் சுற்றி வரை. தடிப்பு இருக்கிற இடத்தில் வட்டம் போடு. காலையில் எடுக்க வேண்டாம், கால் சிறுத்திருக்கும், சாயங்காலம் எடு. இரண்டு காலையும் தனித்தனியாக எடு. ஒன்றை வைத்து மற்றதைக் கணக்குப் போட்டுவிடாதே.